காட்டேரியில் இருபதுக்கு நாலு

நம் மொழியில் ‘படி’ என்று ஒரு சொல் இருக்கிறது. கதை படிப்பதும் படிப்பதுதான், கணக்குப் படிப்பதும் படிப்பதுதான். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துவிட்டுப் போன முன்னோர்கள், பின்னாளில் பள்ளிக்கூடம் என்று ஒன்று வரும், அது பெற்றோர் சந்திப்பு என்று ஒன்றை நடத்தும் என்றெல்லாம் கனவு கண்டிருக்க மாட்டார்கள். அப்படி ஒரு சந்திப்பில்தான் கண்ணாடிக்காரர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

கண்ணாடிக்காரர் என்றால் ஜன்னலுக்குக் கண்ணாடி போடுகிறவர் இல்லை. மூக்குக் கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறவர். வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, கனமான சட்டம் ஒன்றை மூக்கின்மேல் ஏற்றி, சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையைக் காட்டி “படிங்க” என்பார். “கீழ் வரி படிங்க. இப்ப நல்லாத் தெரியுதா, முன்னாடி நல்லாத் தெரிஞ்சுதா?” என்று லென்ஸை மாற்றி மாற்றிப் போடுவார். ஊரையே படிக்க வைத்த மனிதர், தானாக ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளாத சுபாவம். கடையில் ஆள் இல்லாதபோது, துடைத்த லென்ஸையே எடுத்துத் திரும்பத் துடைத்துக்கொண்டிருப்பார்.

“பொண்ணு வீட்ல எப்படி?” என்று வகுப்பாசிரியை கேட்டார். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான்.

“சும்மா சொல்லக் கூடாது மேடம், எப்பப் பார்த்தாலும் படிச்சுக்கிட்டே இருக்கா. சாப்பிடக் கூப்பிட்டாக்கூட வர்றதில்ல. குளிக்கப் போனாலும் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள படிக்கிறா.”

சொன்னது அத்தனையும் சத்தியம். ஆனால் என்ன படிக்கிறாள் என்று ஆசிரியை கேட்கவில்லை. அந்தக் கட்டடத்துக்குள் படிப்பது என்றால் பாடம், அவ்வளவுதான். இவரும் சொல்லவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்ற பழமொழி இவருக்குத் தெரியாததல்ல. பழமொழியெல்லாம் காரியம் கெட்ட பிறகுதானே ஞாபகத்துக்கு வருகிறது?

அவள் படித்தது காட்டேரிக் கதை. ஐந்து பாகம், ஒவ்வொன்றும் செங்கல் கனம், கறுப்பு அட்டை. பதின்வயதுப் பிள்ளை இருக்கிற வீடு எதுவானாலும் அதில் ஒரு பாகமாவது கட்டிலுக்கு அடியில் கிடக்கும் என்று பேச்சு. மாமன் மகள் ஒருத்தி படித்துவிட்டு முதல் நான்கு பாகங்களை இவளிடம் தள்ளியிருந்தாள். கதை இதுதான். காட்டேரி இனத்துப் பையன் ஒருவன், பார்க்கப் பதினேழு வயது, உள்ளபடிக்கு முந்நூறு. வெளிறிய முகம், சில்லிட்ட கை. பதினொன்றாம் வகுப்பில் வந்து உட்காருகிறான். பக்கத்து இருக்கைப் பெண்மேல் காதல் வந்துவிடுகிறது. கடித்தால் அவளும் காட்டேரி ஆகிவிடுவாள். கடிக்காமல் விட்டால் அவளுக்கு மட்டும் வயதாகிக்கொண்டே போகும். கடிப்பானா, மாட்டானா? இதற்கு ஐந்து செங்கல்.

அதுவரை மகள் ‘ம்’, ‘தெரியல’, ‘சும்மாதான்’ என்று மூன்றே சொல்லில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். புத்தகம் வந்த பிறகு சாப்பாட்டு மேசையில் வாய் ஓயவில்லை.

“அப்பா, நீங்களே சொல்லுங்க. அவன் அவளைக் கடிக்கணுமா, வேண்டாமா?”

“அவ என்ன சொல்றா?”

“அவளைக் கேக்கவே இல்லப்பா! நாலு பாகமா இவனே யோசிக்கிறான், இவனே அழறான், இவனே முடிவெடுக்கறான். அவளைக் கேக்காம அவளுக்காக அவன் எப்படி முடிவெடுக்கலாம்?”

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அம்மா, தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். “சோகை பிடிச்ச பையன். இரும்புச்சத்து டானிக் ரெண்டு பாட்டில் குடுத்திருந்தா முதல் பாகத்துலயே கதை முடிஞ்சிருக்கும்.”

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று கண்ணாடிக்காரருக்கு யோசிக்க வேண்டியிருந்தது. முகம் தெரியாத அந்தக் காட்டேரிமேல் அவருக்கு உண்மையாகவே ஒரு நன்றி உண்டாயிற்று.

பள்ளிக்கூடம் சும்மா இருக்குமா? அடுத்த காலைக் கூட்டத்தில் அவளை மேடையேற்றி ‘மாதத்தின் சிறந்த படிப்பாளி’ என்று பட்டை குத்திவிட்டார்கள். நுழைவாயிலில் அவள் புகைப்படம் ஏறியது. அதே வாரத்தில் கணக்குத் தாள் திருத்தி வந்தது. சிறந்த படிப்பாளி கணக்கில் தோற்றிருந்தாள்.

பள்ளிக்கூடத்துக்கு இதில் வந்த குழப்பம் நியாயமானது. படித்து ஜெயித்த பிள்ளையை அவர்களுக்குத் தெரியும். படிக்காமல் தோற்ற பிள்ளையையும் தெரியும். எந்நேரமும் படித்துக்கொண்டே தோற்கிற பிள்ளையை எந்த வரிசையில் நிறுத்துவது? பையைச் சோதித்தார்கள். வேதியியல் புத்தகத்தின் அட்டைக்குள் மூன்றாம் பாகம் இருந்தது.

தலைமையாசிரியையின் அறையில் பெற்றோருக்கென்று போட்ட நாற்காலி மற்ற நாற்காலிகளைவிடச் சற்றுத் தாழ்வானது. அதில் உட்கார்ந்தால் யாரும் நிமிர்ந்துதான் பார்க்க வேண்டும். கண்ணாடிக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க பள்ளிக்கூடத்தை ஏமாத்தியிருக்கீங்க” என்றார் தலைமையாசிரியை.

“நான் என்ன மேடம் பண்ணேன்?”

“படிக்கிறான்னு சொன்னீங்க.”

“படிக்கத்தானே செய்யறா?”

“இது படிக்கிறது இல்ல. படிக்கிறதுக்குன்னு ஒரு முறை இருக்கு. படிக்கணும், பரீட்சை எழுதணும், மறந்துடணும். உங்க பொண்ணு மறக்கவே மாட்டேங்குறா. மூணாம் பாகத்துல எந்த இடத்தைக் கேட்டாலும் அப்படியே சொல்றா. இது ஒரு ஆரோக்கியமான பிள்ளைக்கு அடையாளமா?”

கண்ணாடிக்காரர் கைக்குட்டையை எடுத்து, போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

விஷயம் வாசிப்பு ஒழுங்குக் குழுவுக்குப் போனது. அப்படி ஒரு குழு முதல் நாள்வரை இல்லை. தலைமையாசிரியை, பள்ளி நிர்வாகத் தலைவர், நன்னெறி ஆசிரியர், இந்த மூன்று பேர்தான் குழு. குற்றம் சாட்டப்பட்ட பிள்ளையின் தகப்பன் என்ற முறையில் கண்ணாடிக்காரரும் ஓரமாக உட்கார வைக்கப்பட்டார்.

நன்னெறி ஆசிரியர் சிவப்புப் பேனாவோடு புத்தகம் முழுக்கப் படித்திருந்தார். முத்தம் வருகிற இடமெல்லாம் அடிக்கோடு. எதுவும் விட்டுப்போய்விடக் கூடாது என்று அந்த இடங்களை மட்டும் இரண்டாம் தடவையும் படித்ததாகச் சொன்னார். கடமை என்று வந்துவிட்டால் அவர் தன் கண்ணைப் பார்க்கிறவர் அல்ல.

“முத்தத்தை விடுங்க சார்” என்றார் தலைமையாசிரியை. “எனக்கு அதைவிடப் பெரிய கவலை இருக்கு. இந்தப் பையன் முந்நூறு வருஷமா பதினொண்ணாம் வகுப்புல இருக்கான். ஒரு தடவைகூட மேல போகலை. நம்ம தேர்ச்சி விகிதம் என்ன ஆகும்?”

“அவன் நம்ம பள்ளிக்கூடத்துல இல்லையே மேடம்” என்றார் கண்ணாடிக்காரர்.

“இன்னிக்கு இல்ல. நாளைக்கு வந்து சேர்ந்தா?”

நிர்வாகத் தலைவர் யோசனையில் ஆழ்ந்தார். “பிறந்த தேதிச் சான்றிதழ் இல்லாம எப்படிச் சேர்த்தாங்கன்னுதான் எனக்குப் புரியல” என்றார்.

“வெயில் அடிச்சா வகுப்புக்கு வர மாட்டான் சார். வருகைப் பதிவு தேறாது. காரணம் கேட்டா, தோல் எரியுதுங்கறான்” என்றார் நன்னெறி ஆசிரியர்.

“மருத்துவர்கிட்ட எழுதி வாங்கினானா?”

“இல்ல சார்.”

“அப்ப தோலைப் பத்திப் பேசவே கூடாது” என்று தலைவர் மேசையைத் தட்டினார். இப்படியாக, இல்லாத ஒரு மாணவனைப் பள்ளியிலிருந்து நீக்கி ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. புத்தகத்துக்கும் தடை. பெற்றோர் நான்கு பாகத்தையும் தாமே படித்துப் பார்த்து, அவற்றைக் கண்டித்துக் குழுவின் முன் பேச வேண்டும் என்றும் உத்தரவு.

மறுநாள் ஒலிபெருக்கியில் தடை அறிவிக்கப்பட்டது. எந்தப் பிள்ளையும் தெரியாமல் தப்புச் செய்துவிடக் கூடாதல்லவா? ஆகவே புத்தகத்தின் பெயர், அட்டையின் நிறம், கண்டிப்பாகப் படிக்கவே கூடாத அத்தியாயங்கள் எவை எவை என்று எல்லாவற்றையும் தலைமையாசிரியை நிறுத்தி நிதானமாக இரண்டு முறை வாசித்தார்.

அதுவரை பள்ளிக்குள் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். அறிவிப்புக்குப் பிறகு பள்ளியே படித்தது. வேதியியல் அட்டை எங்கேயும் கிடைக்கவில்லை. கழிவறைக்குப் போன பிள்ளைகள் திரும்பி வரவில்லை. ஆறாம் வகுப்புப் பொடிசுகள்கூட முதல் பாகத்தைத் தனித்தனி அத்தியாயமாகக் கிழித்து, ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டு மாற்றிக்கொண்டார்கள். கடைசி அத்தியாயம் வைத்திருந்தவளுக்கு அந்த வாரம் ராணி மரியாதை.

கண்ணாடிக்காரரும் உத்தரவுப்படி படித்தார். கடையில், ஆள் இல்லாத நேரத்தில் என்று ஆரம்பித்து, ஆள் இருக்கிற நேரத்திலும் படித்தார். நாற்காலியில் ஒருவர் சட்டத்தை மாட்டிக்கொண்டு, “சார், கீழ் வரி ஒண்ணும் தெரியல” என்று காத்திருந்தபோது, இவர் “ஒரு நிமிஷம் இருங்க, ஜன்னல் வழியா உள்ள வந்துட்டான்” என்றார். வந்தவர் பயந்துபோய் ஜன்னலைப் பார்த்தார். தூரத்தில் இருந்த ஜன்னல் தெளிவாகத் தெரிந்ததால் பவர் சரி என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும் அவசரம் அவருக்கு அதுவரை இருந்ததில்லை. அப்பாவும் மகளும் சாப்பாட்டை ஆறவிட்டுச் சண்டை போட்டார்கள். கடிக்காமல் இருப்பதுதான் அன்பு என்று இவர், கேட்காமல் இருப்பது அன்பே இல்லை என்று அவள். அவள் ஜெயித்தாள். நாலாம் பாகத்தின் முடிவில் அந்தப் பெண் காட்டுக்குள் தனியாக நடந்து போவதோடு கதை நின்றது. இருவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. ஐந்தாம் பாகத்துக்கு எங்கெங்கோ சொல்லிவைத்தார் கண்ணாடிக்காரர். வந்து சேர ஒரு மாதமாகும் என்றார்கள்.

அந்த ஒரு மாதத்துக்குள் பள்ளிக்கூடம் முந்திக்கொண்டது.

மேலிடத்திலிருந்து ஆய்வாளர் ஒருவர் வந்தார். நடைபாதை, படிக்கட்டு, மரத்தடி, எங்கே பார்த்தாலும் பிள்ளைகள் புத்தகமும் கையுமாக இருப்பதைப் பார்த்து அசந்துபோனார். “யாரும் சொல்லாமலே படிக்கிறாங்களே! எப்படிச் சாதிச்சீங்க?”

தலைமையாசிரியை கண் இமைக்கவில்லை. “பல வருஷத் திட்டமிடல் சார்.”

மறுவாரமே தடை நீங்கியது. நீங்கியதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. புத்தகத்தைப் பாடமாக வைத்துவிட்டார்கள். குரங்கு கையில் பூமாலை கிடைத்தால் பிய்த்துத்தான் போடும். பள்ளிக்கூடத்தின் கையில் கிடைத்தால் பூவைக் காம்பு, இதழ், மகரந்தம் என்று பிரித்து, படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்லும்.

ஏழாம் பிரிவேளை, காட்டேரி. நன்னெறி ஆசிரியர் பள்ளிப் பதிப்பு ஒன்றைத் தயாரித்தார். முத்தமிட்டனர் என்ற இடமெல்லாம் ‘நலம் விசாரித்தனர்’ என்று ஆயிற்று. ‘அவன் அவள் கழுத்தருகே குனிந்தான்’ என்பது ‘அவன் அவளுக்குப் பாடத்தில் உதவினான்’ என்று திருந்தியது. பிறகு குறிப்புகள் வந்தன. காட்டேரியின் நற்பண்புகள் ஐந்து: நேரந்தவறாமை, தூய்மை, தனிமையில் அமைதி காத்தல், மூத்தோரை மதித்தல், நொறுக்குத்தீனி தவிர்த்தல். வகுப்பே எழுந்து நின்று ஒரே குரலில் ஒப்பித்தது. உயிரியல் பாடத்தோடு இணைத்து, காட்டேரிக்கும் கொசுவுக்கும் உள்ள வேறுபாடுகளை அட்டவணைப்படுத்தச் சொன்னார்கள். கொசு பற்றித்தான் எல்லாரும் நன்றாக எழுதியிருந்தார்கள்.

“வாம்மா, சாப்பிடலாம். நாலாம் பாகத்துல எனக்கு ஒரு சந்தேகம்” என்று ஒரு நாள் கூப்பிட்டார் கண்ணாடிக்காரர்.

“எனக்கு நாளைக்குப் பரீட்சை இருக்குப்பா.”

“எதுல?”

“காட்டேரில.”

பரீட்சையில் அவளுக்கு இருபதுக்கு நாலு. நான்கு பாகத்தையும் தலைகீழாகச் சொல்லக்கூடியவளுக்கு நாலு! கண்ணாடிக்காரர் விடைத்தாளை வாங்கிப் பார்த்தார். ‘நாயகன் நாயகியைக் கடிக்காததற்குக் காரணம் யாது?’ என்பது கேள்வி. குறிப்பின்படி விடை, சுயகட்டுப்பாடு மற்றும் சரிவிகித உணவு. மகள் எழுதியிருந்தது இது: ‘கடித்தால் அவள் அவனைப் போல ஆகிவிடுவாள். அவனுக்கு அவனையே பிடிக்காது. அதனால்தான்.’

பக்கத்தில் சிவப்பு மையில், ‘தேவையற்றது. குறிப்பில் இல்லை.’

அவர் மகளின் வரியைத் திரும்பவும் படித்தார். தனக்கே தோன்றாத ஒன்றைத் தன் பிள்ளை யோசித்திருக்கிறாள். பெருமையாகவும் இருந்தது, யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. “இது சரியான பதில்மா. இதுதான் சரி” என்றார்.

“சரியா இருந்தா மார்க் போட்டிருப்பாங்க” என்று அவள் தாளை வாங்கி மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஐந்தாம் பாகம் வந்து சேர்ந்தது. அவர் பொட்டலத்தோடு ஓடிவந்து கொடுத்தார். அவள் வாங்கி அலமாரியில் வைத்தாள். உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

“பிரிச்சுப் பாரேன்.”

“அது அடுத்த பருவத்துக்கு. குறிப்புத் தருவாங்க.”

“காட்டுக்குள்ள போனாளே, என்ன ஆச்சுன்னு பாக்க வேண்டாமா?”

“தெரியல.”

பிறகு ‘ம்’ வந்தது. ‘சும்மாதான்’ வந்தது. பழைய மூன்று சொல்லும் பத்திரமாகத் திரும்பி வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டன. கண்ணாடிக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் பாகத்தைத் தான் பிரித்துப் படித்துவிடலாம்தான். அவளை விட்டுவிட்டுத் தான் மட்டும் அந்தக் காட்டுக்குள் போக மனசு வரவில்லை. வீட்டுக்குள்ளேயே கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தார். குழாயை இறுக்கி மூடினார், மூடிய குழாயையே மறுபடி போய் இறுக்கினார்.

பொறுக்க முடியாமல் தலைமையாசிரியையிடமே போனார். அதே தாழ்ந்த நாற்காலி.

“மேடம், அந்தப் புத்தகத்தைப் பாடத்துலேர்ந்து எடுத்துடுங்க. பிள்ளைங்க அதைப் படிக்கிறதையே விட்டுட்டாங்க.”

“அதான் நாங்களும் கவனிச்சோம்” என்றார் அவர் மலர்ந்த முகத்தோடு. “எல்லாப் பையையும் சோதிச்சாச்சு. ஒரு பிள்ளைகூட ஒளிச்சு வெச்சுப் படிக்கிறதில்ல. தடை போட்டு அடக்க முடியாததைப் பாடமா வெச்சு அடக்கிட்டோம். எந்தப் புத்தகத்தையும் குடுங்க, எங்க கையில ஒரு பருவம் இருந்தா போதும், அப்புறம் ஜென்மத்துக்கும் யாரும் தொட மாட்டாங்க. இதுக்குத்தான் அனுபவம் வேணும்கிறது.”

இதை அவர் தற்பெருமை இல்லாமல், தொழில் தெரிந்தவர் சொல்கிற மாதிரி சொன்னார்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “தடை போட்டாங்க, பிள்ளைங்க படிச்சுது. பாடமா வெச்சாங்க, விட்டுருச்சு. இதுல மண்டையைக் குடைஞ்சுக்க என்ன இருக்கு? மறுபடி தடை போடச் சொல்லுங்க” என்றாள்.

“நான் சொன்னா கேப்பாங்களா?”

“நல்லது சொன்னா கேக்க மாட்டாங்க. ஏதாவது கெட்டதாச் சொல்லுங்க.”

முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும். பள்ளியின் பொதுக்கூட்டத்தில், பெற்றோர் கருத்துச் சொல்லலாம் என்று ஒலிவாங்கியைச் சுற்றுக்கு விட்டபோது கண்ணாடிக்காரர் எழுந்தார். மேடையில் குழுவின் மூன்று பேரும் இருந்தார்கள். நாலு பேர் முன்னால் நின்று பேசிப் பழக்கமில்லாத மனிதர், ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“அந்தக் காட்டேரிப் புத்தகம் பிள்ளைங்களுக்கு ரொம்பக் கெடுதல். அதுல முத்தம் இருக்கு” என்று ஆரம்பித்தார்.

“நலம் விசாரிப்பா மாத்தியாச்சு” என்றார் நன்னெறி ஆசிரியர்.

“ரத்தம் குடிக்கிறாங்க.”

“உயிரியலோட சேர்த்தாச்சு.”

“பொடி எழுத்து. கண்ணு கெட்டுடும்.”

“உங்க கடைக்குத்தானே வரப்போறாங்க!” என்றார் நிர்வாகத் தலைவர். அரங்கம் சிரித்தது. யாரோ ஒலிவாங்கியை வாங்கக் கை நீட்டினார்கள். கண்ணாடிக்காரர் விடவில்லை. இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தார்.

“அதைப் படிச்சதுலேர்ந்து என் பொண்ணு கேள்வி கேக்கறா.”

மேடையில் சிரிப்பு நின்றது. “கேள்வியா? பாடத்துக்குப் பின்னாடி இருக்கே, அந்தக் கேள்வியா?” என்றார் தலைமையாசிரியை.

“இல்ல மேடம். சொந்தக் கேள்வி.”

அரங்கத்தில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. முன்வரிசையில் ஒரு தாய் தன் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். “என்ன கேட்டா? பயப்படாமச் சொல்லுங்க” என்று தலைவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

“ஒருத்தரைக் கேக்காம, அவங்களுக்காக இன்னொருத்தர் எப்படி முடிவெடுக்கலாம்னு கேட்டா.”

நிர்வாகத் தலைவர் எழுந்து நின்றார். முகம் புத்தகத்துக் காட்டேரியைவிட வெளிறியிருந்தது.

“இது என் தாத்தா ஆரம்பிச்ச பள்ளிக்கூடம்” என்றார் நடுங்கும் குரலில். “மூணு தலைமுறையா இங்க ஆயிரக்கணக்கான பிள்ளைங்க படிச்சு வெளிய போயிருக்காங்க. ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேட்டதில்ல. அந்த நல்ல பேரைக் காப்பாத்தத்தான் நாங்க ராப்பகலா உழைக்கிறோம். கேள்வி ஆசிரியர் கையில இருந்தா அது பரீட்சை. பிள்ளை கைக்குப் போனா அது வியாதி. இன்னிக்குக் காட்டேரியைக் கேப்பாங்க. நாளைக்கு? நாளைக்கு யாரைக் கேப்பாங்க? என்னைக் கேப்பாங்க! பாடத்துல வந்தா அடங்கிடும்னு நெனச்சோம். அடங்கலையே! இந்தப் புத்தகம் இன்னியோட இந்த வளாகத்துக்குள்ள கிடையாது. பாடமும் கிடையாது, குறிப்பும் கிடையாது, பேச்சும் கிடையாது!”

கைதட்டல் ஓயவே இல்லை. ‘விழிப்புள்ள பெற்றோர்’ என்று ஒரு பட்டையைக் கண்ணாடிக்காரரின் சட்டையில் குத்தினார்கள். மறுநாள் ஒலிபெருக்கியில் தலைமையாசிரியை தடையை அறிவித்தார். வழக்கம்போல நிறுத்தி, நிதானமாக, ஐந்தாம் பாகத்தின் பெயரையும் சேர்த்து. கடைசியில், இதற்குக் காரணமாக இருந்த தகப்பனார் யார் என்பதையும் நன்றியோடு சொன்னார். அதை மட்டும் கண்ணாடிக்காரர் எதிர்பார்க்கவில்லை.

மகள் வீட்டுக்கு வந்தபோது முகம் சிவந்திருந்தது. பையைக்கூடக் கழற்றவில்லை.

“நீங்களாப்பா?”

அவர் சட்டைப்பையைத் தடவினார்.

“எல்லாரும் என்னைத்தான் பாக்கறாங்க. உங்கப்பாதான் போட்டுக் குடுத்தாராமேன்னு கேக்கறாங்க. நீங்களும் படிச்சீங்கதானே? என்கூட உக்காந்து பேசினீங்கதானே? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

கேட்கவில்லைதான். அவருக்கு உண்மையைச் சொல்லிவிட நாக்கு துடித்தது. உனக்காகத்தான் செய்தேன், நீ மறுபடி படிக்க வேண்டும் என்றுதான் செய்தேன் என்று சொல்லிவிட்டால் அவள் கோபம் தணிந்துவிடும். ஆனால் அப்பா படிக்கச் சொன்ன புத்தகம் என்று அது ஆகிவிடும். ஏழாம் பிரிவேளை வீட்டுக்கே வந்துவிடும். மனைவி சமையலறை வாசலிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குரலை உயர்த்தினார்.

“ஆமா, நான்தான். கண்டதையெல்லாம் படிக்கக் கூடாது. அந்த அஞ்சாம் பாகத்தை எடுத்துக் குடு, திருப்பி அனுப்பணும்.”

“தர மாட்டேன்!”

அந்தப் பொட்டலம் தனக்கு வேண்டும் என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. அலமாரியைத் திறந்து பொட்டலத்தை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு உறையைக் கிழிக்கிற சத்தம் கேட்டது.

கண்ணாடிக்காரர் கதவுக்கு வெளியே நின்றார். போக முடியவில்லை. உள்ளே தாள் புரளும் சத்தம். கொஞ்சம் நின்று, மறுபடி தாள். காட்டுக்குள் போன பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று இனி அவருக்கு யாரும் சொல்லப்போவதில்லை. கடித்தானா, அவளைக் கேட்டானா, அதுவும் தெரியப்போவதில்லை. அது அவருக்கு வலிக்கத்தான் செய்தது. இருந்தாலும் அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க, நெஞ்சில் அழுத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கியது. உள்ளே தாள் புரள்வது சட்டென்று நின்றது. வெளியே ஆள் நிற்பது தெரிந்துவிட்டது போலும். எங்கே மூடி வைத்துவிடுவாளோ என்று அவருக்குப் பதறியது.

தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தலைமையாசிரியையின் குரலை முடிந்தவரை வரவழைத்து, கதவைப் படபடவென்று தட்டினார்.

“உள்ள என்ன பண்றே? படிக்கிறியா?”

“இல்ல!” என்று கத்தினாள் மகள்.

அடுத்த தாள் புரண்டது.